அடைப்புக்கு வெட்டிய தோல்

எண்பதுகளின் தொடக்கத்தில் ஆம்பூர் மெயின் ரோட்டில் எனக்கு ஒரு மெக்கானிக் ஷெட் இருந்தது. அம்பாசடரும் பியட்டும் பார்த்துப் பிழைத்தவன் நான். தோல் பதனிடும் தொழிற்சாலை வைத்திருந்த பாய் ஒருவர், வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதையாக, மெட்ராஸ் ஏலத்தில் ஒரு பழைய அமெரிக்கக் காரை எடுத்து வந்து என்னிடம் விட்டார்.

சின்ன மேடு என்றாலும் அதற்கு மூச்சு வாங்கியது. பானெட்டைத் திறந்தால் இடியாப்பம் பிழிந்ததுபோல ரப்பர் குழாய்கள். புகையைக் குறைக்க அந்த ஊர்க்காரன் ஒரு காற்று பம்பு வைத்திருந்தான். புகையில் கொஞ்சத்தைத் திரும்ப எஞ்சினுக்கே அனுப்ப ஒரு வால்வு வைத்திருந்தான். சைலன்சர் வழியில் இருந்த பெட்டி, நம் ஊர் பெட்ரோலின் ஈயம் பட்டு அடைத்தே போயிருந்தது. நம் ஊரில் புகையைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்? எல்லாவற்றையும் கழற்றிப் போட்டேன். கழற்றிய இடங்களை இரும்புத் தகடு வெட்டி அடைத்தேன்.

வால்வு இருந்த துளை ஒன்றுதான் பாக்கி. அன்று வெள்ளிக்கிழமை, தொழுகை நாள்; தகடு வெட்டும் கடை பூட்டியிருந்தது. எங்கள் ஊரில் தண்ணீர் பம்பு முதல் சைக்கிள் பம்பு வரை எதற்கும் தோல்தான் வாஷர். கடை திறந்ததும் தகடு மாற்றிக்கொள்ளலாம் என்று, தடித்த எருமைத் தோலில் ஒரு துண்டு வெட்டி, எண்ணெயில் ஊறவைத்து, போல்ட்டைப் போட்டு முடுக்கிவிட்டேன். வண்டி குதிரையாகப் பறந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கும் தொழிற்சாலைக்கும் மட்டுமே பாய் ஓட்டியதால் எஞ்சின் சரியாகச் சூடேறவே இல்லை; தோலும் தாங்கியது. தகட்டை நான் மறந்தே போனேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு நாள் காலையில் என் மனைவிக்கு வலி கண்டது. தலைப்பிரசவம். மத்தியானம் ஆகியும் பிள்ளை வரவில்லை. வேலூருக்குக் கொண்டுபோ என்று நர்சம்மா கைவிரித்துவிட்டார். நான் பாயிடம் ஓடினேன்.

“வண்டி எடுத்துட்டுப் போப்பா. இன்னா கேட்டுனு நிக்கிற,” என்று சாவியைக் கையில் வைத்தார்.

மாதனூர் தாண்டும்போதே கருகல் வாசம் வந்தது. தோல் வாசத்திலேயே பிறந்து வளர்ந்த மூக்கு, அதைப் பொருட்படுத்தவில்லை. பள்ளிகொண்டாவுக்கு முன்னால் எஞ்சின் இரண்டு தடவை உதறிவிட்டு நின்றது. பானெட்டைத் தூக்கினேன். தோல் வைத்த துளையை ஒட்டிக் கரி மட்டும் இருந்தது. எஞ்சின் அந்த ஓட்டை வழியாகக் காற்றைத்தான் குடித்துக்கொண்டிருந்தது. சட்டையைக் கிழித்து அடைத்தேன். ஸ்டார்ட் ஆகி உடனே செத்தது. மறுபடி அடைத்தேன். கை வெந்தது. பின் சீட்டில் அவள் தன் அக்காவின் மடியில் கிடந்து முனகினாள்.

“இன்னும் எவ்ளோ தூரம்ங்க?”

கிட்டதான் என்று பொய் சொன்னேன். நடுரோட்டில் நின்று கைகூப்பினேன். பஸ் ஒன்று நிற்காமல் போனது. வாயில் வந்த கெட்ட வார்த்தை எல்லாம் சொல்லி அழுதேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கடைசியில் ராணிப்பேட்டைக்குத் தோல் ஏற்றிப்போன லாரிக்காரர் ஒருவர் நிறுத்தி, அவளைக் கேபினில் ஏற்றிக்கொண்டார்.

அவள் பிழைத்தாள். பெண் குழந்தை, அழவே இல்லை.

“கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாமே,” என்றார் டாக்டரம்மா. கடிந்துகூடச் சொல்லவில்லை.

பிறகு எங்களுக்கு இரண்டு பையன்கள் பிறந்தார்கள். ஆனாலும் அந்தக் காரை அவள் இன்னமும் சபிக்கிறாள். அமெரிக்காக்காரன் வண்டி பாதி வழியில் கைவிட்டதால்தான் பெண்ணைப் பறிகொடுத்தேன் என்று வீட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து ஆமாம் என்று தலையாட்டுவேன். அந்தத் தோலை வெட்டி வைத்தது நான் என்று அவளிடம் இன்னும் சொல்லவில்லை.