இலுப்பை மரத்தில் ஒரு சிலுவை

உலகப் போர் நடந்த காலத்தில் எங்கள் ஜீயபுரத்தில் இலக்கண சுத்தமாகத் தமிழ் பேசியவர் ஒருவர்தான், அவரும் வெள்ளைக்காரி. திருச்சி மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். செவ்வாய்க்கிழமைதோறும் ரயிலில் வந்து, எங்கள் வாழைக்கொல்லை ஓரத்து இலுப்பை மரத்தடியில் மருந்துப்பெட்டியைத் திறப்பார். மிஸ்ஸியம்மா என்போம். இங்கிலீஷ்காரி என்றால் மட்டும் அவருக்குக் கோபம் வந்துவிடும். "நான் எஸ்தோனியா தேசத்தவள்" என்பார். அது எங்கே இருக்கிறது என்று எங்கள் வாத்தியாருக்கே தெரியாது.

அந்த இலுப்பை லேசுப்பட்ட மரமல்ல. எங்கள் குலதெய்வம் அதில்தான் குடியிருந்தது. ஆடியில் பொங்கல் வைப்போம். வேண்டிக்கொண்டவர்கள் கிளையில் மஞ்சள் துணி கட்டுவார்கள். மிஸ்ஸியம்மா முதல் நாளே அந்தத் துணிகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தம் ஊர்க் காட்டு மரங்களிலும் இப்படிக் கட்டுவார்கள் என்றார். கிளை ஒடிக்கும் முன் மரத்திடம் கேட்டுக்கொள்வார்களாம். காட்டுக்கு ஒரு தாய் உண்டாம். "வேதக்காரங்க ஊர்லயும் நம்மளாட்டம் ஆளுங்க இருக்காங்களே" என்று அம்மாவுக்கு அவர்மேல் தனிப் பிரியம்.

ஒரு செவ்வாயன்று மரத்தில் புதிதாக ஒரு சிலுவை. பட்டையில் கத்தியால் வெட்டியது, பால் வடிந்துகொண்டிருந்தது. மிஸ்ஸியம்மா பக்கத்திலேயே நின்றார். பெரியப்பாவுக்குச் செய்தி போக எவ்வளவு நேரமாகும்? கோடரியோடு வந்துவிட்டார்.

"மனுஷங்கள வேதத்துல சேத்தது போதாதுன்னு மரத்தையும் சேத்தாச்சா?"

பட்டையைச் செதுக்கி எறிந்துவிட்டுத்தான் மறுவேலை என்று குதித்தார். அவர் குதித்தால் ஊரில் யாரும் குறுக்கே வரமாட்டார்கள். மிஸ்ஸியம்மா வந்தார். சிலுவையை முதுகால் மறைத்துக்கொண்டு, "பொறுங்கள், பெரியவரே. மரத்திடம் கேட்டுக்கொண்டுதான் வெட்டினேன். இது என் தாயாருக்காக" என்றார்.

போன பனிக்காலத்தில் தாயார் இறந்த செய்தி, அந்த வாரம்தான் அவருக்கு எட்டியிருந்தது. அவர் ஊரில் சவத்தை இடுகாட்டுக்குக் கொண்டுபோகும் வழியில், ஒரு மரத்தில் வீட்டார் சிலுவை வெட்டுவார்களாம். இறந்தவர் வீட்டு நினைவு வந்து திரும்பி நடந்தால், அந்தக் குறியைக் கண்டதும் தாம் இறந்தது ஞாபகம் வந்து அங்கேயே நின்றுவிடுவாராம். இவர் ஒரே பெண். தேசத்தையோ வேற்றுப் படை பிடித்துக்கொண்டது. அங்கே குறி வெட்ட ஆளில்லை.

பெரியப்பா கோடரியை இறக்கினார். "நாங்களும் பாடைய நடுவழியில திருப்பிப் புடிப்போம், வழி மறக்கட்டும்னு" என்று முனகினார். பிறகு, "சரிம்மா, அங்க செத்தவங்களுக்கு இங்க எதுக்குக் குறி?" என்று கேட்டார்.

"அங்கே வீடு இல்லை. என்னைத் தேடித்தானே வருவார்கள்?"

பெரியப்பாவுக்கு மறுபடி கோபம் வந்தது. ஆனால் இது வேறு கோபம்.

"பெத்த பொண்ணத் தேடிக் கடல் தாண்டி வர்றவங்கள எல்லையிலேயே திருப்பி அனுப்புவீங்களா? எங்க ஊர்ல அந்த வழக்கம் இல்லீங்க. வரட்டும். ஒரு வாய் சாப்பிட்டுப் போகட்டும்." என் பக்கம் திரும்பி, "ஓடு, உங்கம்மாவ ஒரு இலை போடச் சொல்லு" என்றார். பாவாடையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

அம்மா தயிர்சாதமும் மாவடுவும் கொண்டுவந்து சிலுவைக்குக் கீழே இலை போட்டாள். கையோடு சிலுவைக்கும் ஒரு குங்குமப் பொட்டு வைத்தாள். கோடரிக்கு முன்னால் அசையாமல் நின்ற மிஸ்ஸியம்மா, இலையைப் பார்த்ததும் மண்ணில் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதார்.

"அவங்க அம்மாவுக்குத் தயிர்சாதம் புடிக்காதாம்மா?" என்று கேட்டு ஒரு குட்டு வாங்கிக்கொண்டேன்.

தாயார் வரக்கூடாது என்று மரத்தில் குறி வெட்டியவர், வரட்டும் என்று பெரியப்பா சொன்னதற்கு ஏன் அப்படி அழவேண்டும் என்று எனக்கு அன்று விளங்கவில்லை.