ஹவாய் விருந்தும் வேகாத சேம்பும்

சாந்தன்பாறையில் ஏலத்தோட்ட அலுவலகத்தில் எனக்கு வேலை. கணவர் சுற்றுலாப் பயணிகளுக்கு ஜீப் ஓட்டுகிறார். போன மாதம் ஒரு வாரமாக அவர் போக்கே சரியில்லை. போன் வந்தால் வெளியே போய்ப் பேசினார். "அவளுக்குத் தெரியக் கூடாது" என்று சொன்னதும் என் காதில் விழுந்தது. நான் எதுவும் கேட்கவில்லை. வேறொருத்தி இருக்கிறாள் என்று நினைத்து மனசுக்குள்ளேயே குமைந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பூப்போட்ட சட்டையில் நின்றவர், என் கழுத்தில் செம்பருத்தி மாலையைப் போட்டார். ஹவாய் தீவு வழக்கப்படி நம் இருவருக்கும் மட்டும் விருந்து என்றார். ஜீப்பில் வந்த, ஹவாய்க்குப் போய்வந்த ஒரு தமிழ் ஜோடி சொல்லிக்கொடுத்ததாம். எந்தத் தப்பை மறைக்க இந்த உபசாரம் என்றுதான் எனக்குத் தோன்றியது.

சேம்பங்கிழங்கை மசித்துக் களி போலப் பரிமாறினார். இரண்டு வாய் விழுங்கியதும் தொண்டையில் ஊசி குத்துவதுபோல் எரிந்தது. நாக்கு தடித்தது.

"என்னத்தக் கலந்தீக? என்னையக் கொல்லப் பாக்கீகளா?" என்று கத்திவிட்டேன்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. என் தட்டிலிருந்தே ஒரு கை அள்ளி விழுங்கினார். அடுத்த நிமிடம் அவரும் தொண்டையைப் பிடித்துக்கொண்டார்.

பக்கத்து வீட்டுக்காரர்தான் எங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். "ஓடைக்கரையில பிடுங்குன காட்டுச் சேம்பு, அதையும் அரைவேக்காடாவா?" என்று நர்ஸ் திட்டிக்கொண்டே ஊசி போட்டார். வந்த போன்களெல்லாம் செய்முறை சொன்ன அந்த ஜோடியுடையவை என்று அங்கேதான் தெரிந்தது.

இப்போது தோட்டத்தில் விளைந்த சேம்பைத்தான் வாங்குகிறேன், புளி சேர்த்துக் குழைய வேகவைக்கிறேன். சந்தேகம் வந்தால் அன்றைக்கே அவரிடம் கேட்டுவிடுகிறேன். முன்பே கேட்டிருந்தால், விஷமில்லை என்று காட்ட அந்த ஒரு கை களியை அவர் அள்ளியிருக்க மாட்டார்.