டேட்டாபேஸை அழிக்க மறுத்தேன்

பெருநகர் கிராமத்தில் எங்கள் விவசாயிகள் குழுவின் அறுவடை இயந்திர முன்பதிவுத் தளத்தை நான்தான் கவனித்துக்கொள்கிறேன். சென்ற அறுவடையின்போது ஒரு காலை, தளத்தைத் திறந்தால் 'டேட்டாபேஸ் லாகின் மறுக்கப்பட்டது' என்று மட்டுமே வந்தது. எந்த வயலுக்கு எப்போது இயந்திரம் போக வேண்டும் என்பதெல்லாம் அந்த டேட்டாபேஸுக்குள்தான் இருந்தது. மழை வேறு மிரட்டிக்கொண்டிருந்தது.

தளத்தை அமைத்துத் தந்த சென்னைக்காரருக்குப் போன் செய்தேன்.

"பழைய டேட்டாபேஸை டெலிட் பண்ணிட்டு, புதுசா ஒண்ணு போடுங்க" என்றார்.

"அப்போ உள்ள இருக்கிற பதிவெல்லாம்?"

"திரும்ப ஏத்திக்கலாம்மா. சொன்னதைச் செய்யுங்க."

பக்கத்தில் நின்ற குழுத் தலைவர் பதறினார். "டிரைவருங்க எங்க போறதுன்னு தெரியாம நின்னுகினு கீறாங்க. அவரு சொல்றா மாதிரி செஞ்சிடும்மா."

"மாட்டேண்ணா. பூட்டு தொறக்கலன்னு வூட்டையே இடிப்பாங்களா?"

சர்வர் நிர்வாகப் பக்கத்தில் நுழைந்து, முதலில் டேட்டாபேஸை நகல் எடுத்து வைத்தேன். பிறகு காரணம் தேடி, யார் எப்போது எதை மாற்றினார்கள் என்ற குறிப்பைப் பார்த்தேன். முந்தைய நாள் அந்தச் சென்னைக்காரரே டேட்டாபேஸின் பாஸ்வேர்டை மாற்றியிருந்தார். ஆனால் தளத்தின் செட்டிங்ஸ் கோப்பில் பழையதே இருந்தது. புதிய பாஸ்வேர்டு ஒன்று வைத்து, இரண்டு இடத்திலும் அதையே கொடுத்தேன். தளம் திறந்தது. ஒரு பதிவும் போகவில்லை.

அவரிடம் சொன்னதும், "உங்களை யாரு அதுல கை வைக்கச் சொன்னது?" என்று கோபப்பட்டார்.

"எங்க பதிவு சார், நாங்கதான் கை வைப்போம்" என்றேன்.

இப்போது நிர்வாகி பாஸ்வேர்டு எங்களிடம் மட்டுமே இருக்கிறது. வாரந்தோறும் நகல் எடுக்கிறேன். அழிக்கச் சொல்பவர் யாரானாலும் காரணம் கேட்கிறேன். சரியான பதில் வரும்வரை டெலிட் பொத்தானைத் தொடுவதில்லை.