அம்மா பற்றவைத்த கைப்பிடி

குத்தம்பாக்கத்தில் கழனி வேலை செய்த குடும்பத்தில் பிறந்து, அம்பத்தூரில் கம்பெனி வேலை பார்த்து, கள்ளிக்குப்பத்தில் மாடி வீடு எழுப்பிய எங்கள் அம்மா நம்மை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. அவருடைய பொறுமையைப் பற்றி எழுதச் சொன்னார்கள் உறவினர்கள். அம்மாவுக்குப் பொறுமை இருந்ததாக எனக்கு நினைவில்லை. பிடிவாதம் இருந்தது. மகளாகிய நான் அதைப் பற்றியே எழுதுகிறேன்.

பக்கவாதம் வந்து அப்பாவின் இடது கையும் காலும் வலுவிழந்தன. நாங்கள் குடியிருந்தது மாடியில்; படிக்குக் கைப்பிடி கிடையாது. வீடு கட்டும்போது பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டதுதான். ஆறு மாதம் அப்பா தெருவை மிதிக்கவில்லை. பேச்சும் குறைந்துபோனது. கைப்பிடி வைக்க வருகிறேன் என்ற இரண்டு பேரும் வரவில்லை. "நானே வெக்கிறேன்" என்றார் அம்மா. அப்போது அவருக்கு ஐம்பத்தெட்டு வயது.

காயலான் கடையில் துருப்பிடித்த இரும்புக் குழாய்கள் வாங்கினார். தெருமுனைப் பட்டறைக்காரத் தம்பி வெல்டிங் மிஷினைக் கொடுத்துப் பழக்கினார். முதலில் வைத்த கைப்பிடியில் அம்மாவே முழு பாரத்தையும் போட்டுச் சாய்ந்து பார்த்தார். பற்றவைத்த மூட்டு விட்டுப்போய் மூன்று படி உருண்டார். துருவின் மேலேயே பற்றவைத்ததுதான் காரணம்.

மறுநாள் குத்துவிளக்கைத் தேய்ப்பது போல எல்லாக் குழாயையும் புளி போட்டுத் தேய்த்து, கழுவி வைத்தார். பளபளவென்று இருந்தது. விடிந்து பார்த்தால் மறுபடியும் துரு. பட்டறைக்காரத் தம்பி சிரித்துவிட்டார்.

"இன்னாக்கா, கொயம்பு வெக்கிறியா? தண்ணி பட்டா துரு வந்துகினேதான் இருக்கும். கம்பி பிரஷ்ஷால தேய். தேச்ச சூட்டோட பத்த வெச்சிடு."

"சிரிச்சது போதும். பிரஷ்ஷ குடு."

விழுந்ததில் வீங்கிய முழங்கையோடு பத்து நாள் தேய்த்தார், பற்றவைத்தார், சுத்தியலால் அடித்துப் பார்த்தார், விட்டதை மறுபடி பற்றவைத்தார். மூட்டுகள் முண்டும் முடிச்சுமாகத்தான் இருந்தன. ஆனால் பிள்ளைகள் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து தொங்கியும் அசையவில்லை.

அப்பா டீக்கடை வரை போகத் தொடங்கினார். அம்மா பின்னாலேயே அவர் சட்டையைப் பிடித்தபடி இறங்குவார். "கைப்பிடிய நம்புறேன், உன்னத்தான் நம்ப முடில" என்பார்.

மாரடைப்பில் போன அம்மாவை மருத்துவமனையிலிருந்து கொண்டுவந்து வாசலில் கிடத்தினோம். அப்பாவைத் தூக்கி இறக்க மாடிக்கு ஓடினோம். "வுடுங்க. அவ பத்த வெச்சது, தாங்கும்" என்றார். தனியாகவே இறங்கி வந்தார். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

நம்பி மிஷினைக் கொடுத்த தம்பிக்கும், நல்ல குழாயாகப் பொறுக்கிக் கொடுத்த கடைக்காரருக்கும், துக்கத்தில் உடன் நின்ற உங்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இன்று படையலுக்கு வரும் உங்களை வாசலில் நின்று வரவேற்கப்போவது அப்பா. அவர் படியிறங்கும்போது தயவுசெய்து யாரும் கைகொடுக்கப் போகாதீர்கள்.