சிவலையின் இரண்டு குறிகள்

நெடுந்தீவில் ஒரு பெண் சீலைக்குப் பூப்போடப் படிக்கிறாள் என்றால் சிரிக்கத்தான் செய்வார்கள். சிரித்தார்கள். பூ தானாகப் பூக்காதோ, அதற்கும் ஒரு படிப்போ என்று இறங்குதுறையில் நின்றவர்கள் கேட்டார்கள். அன்ரனின் மகள் நிலாந்தி அதற்கெல்லாம் காது கொடுக்கவில்லை. கொழும்பில் காசு கட்டிப் படிக்கிற இடத்தில் துணி வடிவமைப்பு படித்து முடித்து, நகரத்துக்கு வெளியே துணிக்கு அச்சடிக்கும் ஒரு தொழிற்சாலையில் பயிற்சிக்குச் சேர்ந்தாள். மீன்பிடிக்கிற தகப்பன் எப்படிக் காசு கட்டினார் என்று அப்போது ஒருவரும் கேட்கவில்லை. எங்கள் ஊருக்குக் கேட்க வேண்டிய கேள்வி எப்போதும் பிந்தித்தான் நினைவுக்கு வரும்.

வேலை லேசானதல்ல. படத்தின் வலது ஓரம் இடது ஓரத்தோடு ஒட்டிப் பொருந்த வேண்டும். இல்லாவிட்டால் துணி நீள நீள ஒரு கோடு விழுந்து காட்டிக்கொடுத்துவிடும். நிறம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அச்சுச்சட்டம். நிலாந்தி பனையும் தோணியும் சங்கும் படமாகக் கீறிக்கொண்டு போனாள். தொழிற்சாலையில் டிசைன் பகுதிக்குப் பொறுப்பான அம்மா அவற்றை ஒதுக்கி வைத்தார். இவையெல்லாம் ஹோட்டல் திரைச்சீலையில் தொங்குகின்றன, வேறு யாரும் கீறாததைக் கொண்டு வா என்றார். பயிற்சி முடிவதற்குள் அவளுடைய டிசைன் ஒன்றாவது தெரிவாகவேண்டும். தெரிவாகாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

விடுமுறையில் வந்தவளின் கண்ணில் மாட்டுக்குறிகள் பட்டன. எங்கள் தீவில் மாடுகள் வெளியில் தம்பாட்டுக்குத் திரியும். அதனால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறி, பழுக்கக் காய்ச்சிய கம்பியால் தொடையில் சுட்டது. அவள் போனில் படம் எடுத்துக்கொண்டு புல்வெளியெல்லாம் அலைந்தாள். கடைசியில் தன் வீட்டுச் சிவலைப் பசுவிடம் வந்தாள். ஊர் மாடெல்லாம் வெளியில் மேய, அந்தச் சிவலை மட்டும் வீட்டு வளவைவிட்டு வெளிக்கிட்டதில்லை. அதன் தொடையில் அன்ரனின் நங்கூரக்குறி. கிட்டப் போய்ப் பார்த்தால் நங்கூரத்தின் அடியில் இன்னொன்று, வெளிறிப்போய், வட்டத்துக்குள் சிலுவையாக இருந்தது. தாய் ஜெயந்தா குசினிக்குள் இருந்து எட்டிப் பார்த்து, அதை விட்டுவிட்டு வேறு மாட்டைப் பார் என்றாள். தகப்பன் கடலில் இருந்தார். நிலாந்தி படம் எடுத்துக்கொண்டாள்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். மாடு கைமாறினால் வாங்கினவர் தன் குறியைப் பழைய குறிக்குப் பக்கத்தில் சுடுவார். பழையதன் மேலே சுடுவதில்லை. மேலே சுட்டால் அது களவு. எழுதாத சட்டம், குழந்தைக்கும் தெரியும். நிலாந்திக்குத் தெரியவில்லை. சின்ன வயதிலேயே யாழ்ப்பாணத்தில் விடுதியில் போட்டு வளர்த்த பிள்ளைக்கு யார் சொல்லிக் கொடுப்பது? அவளுக்கு அது வெறும் அழகு. வெளிறிய வட்டம் ஒரு நிறம், அதன்மேல் கருத்த நங்கூரம் இன்னொரு நிறம். இரண்டே அச்சுச்சட்டத்தில் டிசைன் முடிந்தது. துணி வாங்கும் கடைக்காரர்கள் பார்த்தவுடன் பிடித்துக்கொண்டார்கள், டிசைன் தெரிவானது.

மாதிரித் துணி கைக்கு வந்ததும் ஊருக்கு வெளிக்கிட்டாள். முதல் வேலையின் பலன் ஞானஸ்நானத்தில் ஏந்திய ஞானத்தாய்க்குப் போக வேண்டும் என்பது அவர்கள் வீட்டு வழக்கம். ஞானத்தாய் மாக்கிறேற் கடலுக்கு அந்தப் பக்கம் ஊர்காவற்றுறையில் இருந்தாள். புருஷன் மனுவேல் கடலோடு போனபிறகு நெடுந்தீவை விட்டுப் போனவள். மகன் மிரோஜன் படிப்பை நிறுத்திவிட்டு யாரோ ஒருவரின் படகில் தொழிலுக்குப் போய்க்கொண்டிருந்தான். தீவில் விட்டுப்போன மனுவேலின் மாடுகள் முழுக்க வறட்சியில் செத்துப்போயின என்று அவளுக்குச் செய்தி சொன்னது அன்ரன்தான்.

நிலாந்தி போகிற வழியில் இறங்கிக் கொடுத்த துணியை மாக்கிறேற் மடியில் விரித்தாள். தடவினாள். வட்டத்தின்மேல் விரல் நின்றது.

“இதை எங்கை பாத்துக் கீறினனீ?”

“எங்கடை சிவலையில மாமி.” நிலாந்தி பெருமையாகத்தான் சொன்னாள்.

மாக்கிறேற் துணியை மடித்து வைத்தாள். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். பிள்ளை வெளிக்கிடும்போது, நாளைக்கு நெடுந்தீவுக்கு வருகிறேன் என்று தகப்பனிடம் சொல்லச் சொன்னாள். பல வருஷமாக அந்தப் பக்கம் கால் வைக்காதவள் வருகிறாளே என்று நிலாந்தி சந்தோஷப்பட்டாள்.

வீட்டில் அன்ரன் துணியைப் பார்த்தார். முகம் செத்துப்போயிற்று. கீழே உள்ள வட்டத்தை எடுத்துவிடு என்றார். அதுதான் அப்பா வடிவு, அதை எடுத்தால் டிசைனே இல்லை, வேலையும் இல்லை என்றாள் அவள்.  பிறகு அவள் மாக்கிறேற்றுக்கு ஒரு துண்டு கொடுத்ததையும் நாளைக்கு அவள் வருவதையும் சொன்னாள். அன்ரன் கதிரையில் இருந்தவர் இருந்தபடியே இருந்தார். ஜெயந்தா உலையில் அரிசி போட மறந்தாள். என்ன நடக்கிறதென்று கேட்க நிலாந்திக்குப் பயமாக இருந்தது. கேட்கவில்லை.

அடுத்த நாள் படகு வருவதற்கு முன்பே அன்ரன் சிவலையை எங்காவது ஒளிக்கவென்று கயிறு போட்டு வாசல் படலைவரை இழுத்துவிட்டார். பழகின வளவை விட்டுப் பசு நகர மறுத்தது. இழுபறியில் படகு வந்துவிட்டது. மாக்கிறேற் படலையைத் திறந்து உள்ளே வந்தாள். பசுவின் தொடையில், தன் புருஷனின் வட்டக்குறிமேல் கையை வைத்துப் பார்த்தாள்.

“அன்ரன் அண்ணை, செத்துப்போச்செண்டு சொன்னனீங்கள்.”

அன்ரன் கயிற்றை விடவில்லை. “பிள்ளையின்ரை படிப்புக்குத்தான் செய்தனான்,” என்றார்.

 மனுவேலின் மற்ற மாடுகளை விற்ற காசு எங்கே போனதென்று நிலாந்திக்கு விளங்கிவிட்டது. படித்த ஒவ்வொரு வகுப்பும், கீறிய ஒவ்வொரு கோடும் மிரோஜனுடையது. அவள் அழுதாள். தொழிற்சாலைக்குப் போன் எடுத்து அச்சை நிறுத்தச் சொல்கிறேன், வேலை போனால் போகட்டும் என்றாள்.

“நிப்பாட்டாதை பிள்ளை,” என்றாள் மாக்கிறேற். “இந்த ஊரில இந்தக் குறியைப் பாத்தவை இருக்கினம். ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. அந்தத் துணி கடைகளுக்குப் போகட்டும். சனம் வாங்கி உடுக்கட்டும்.”

பிறகு அன்ரனின் கையிலிருந்த கயிற்றை வாங்கிக்கொண்டாள். சிவலை அவளுக்குப் பின்னால் நடந்தது.

அன்று பின்னேரம் தொழிற்சாலையிலிருந்து அழைப்பு வந்தது. கடைசியாக ஏதும் மாற்றம் உண்டா என்று கேட்டார்கள். அன்ரன் படலையடியில் நின்று மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் மாற்ற வேண்டாம் என்றாள் நிலாந்தி. அந்த ஒரு சொல்லோடு அவளுக்கு வேலையும் நிரந்தரமானது.

நியாயத்துக்காக அப்படிச் சொன்னாள் என்று ஊரில் பாதிப் பேர் சொல்கிறார்கள். வேலைக்காகச் சொன்னாள் என்கிறது மறுபாதி. நான் அவளிடமே கேட்டேன். எனக்கே தெரியாது அக்கா, தெரிந்துகொள்ளப் பயமாக இருக்கிறது என்றாள்.