மைக் அக்கா பேசாத மாதம்

பேருந்து நிலையத்தில் அவளைக் கண்ணால் பார்த்தவர்கள் குறைவு. காதால் அறியாதவர்கள் யாரும் இல்லை. கழிப்பறைக்கும் பார்சல் அறைக்கும் நடுவில், ஒரு ஆள் உட்கார்ந்தால் இன்னொரு ஆள் மூச்சு விட முடியாத கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்துகொண்டு, எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது, எது கிளம்பப் போகிறது, எது இன்றைக்கு வரவே வராது என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பெஞ்சில் தூங்கி வழிகிற பயணிகூட அந்தக் குரலைக் கேட்டால் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவான். ஊருக்கே அவள் மைக் அக்கா.

வீட்டுக்கு வந்த பிறகும் மைக்கை முழுசாக அணைக்கத் தெரியாது அவளுக்கு. "சாப்பாடு தயாராக உள்ளது. கை கழுவாதவர்கள் உடனடியாகக் கழுவிக்கொண்டு வரவும்" என்று சொல்லித்தான் தம்பியையும் தங்கச்சியையும் வளர்த்தாள். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது தம்பிக்கு மீசை அரும்பவில்லை, தங்கச்சி சின்னவளுக்குப் பால் பல் விழுந்துகொண்டிருந்தது. இரண்டு பேரையும் படிக்கவைத்து, ஆளாக்கி, ஆளுக்கொரு வீட்டில் குடிவைத்துவிட்டு, பெற்றவர்கள் விட்டுப்போன பழைய வீட்டில் தான் மட்டும் இருந்துகொண்டாள். கல்யாணத்தைப் பற்றி யாராவது கேட்டால், "அந்த வண்டி போயிடுச்சு" என்பாள், ஒரு வருத்தமும் இல்லாமல்.

அப்படிப்பட்ட குரல் ஒரு நாள் காலையில் பாதி வாக்கியத்தில் நின்றுபோனது. "ஐந்தாவது நடைமேடையில்" என்று ஆரம்பித்தாள். மீதி வரவில்லை, காற்றுதான் வந்தது. ஐந்தாவது நடைமேடையில் என்ன என்று தெரியாமலே ஒரு கூட்டம் அங்கே ஓடி, நின்றிருந்த வண்டியில் இடம் பிடித்து உட்கார்ந்துகொண்டது. அது பழுது பார்க்கப் பட்டறைக்குப் போகிற வண்டி.

தொண்டையில் சின்னக் கட்டி, பயப்படும்படியாக எதுவும் இல்லை, எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். எடுத்தும் விட்டார். "இனி ஒரு மாசம் பேசக் கூடாது. கிசுகிசுன்னுகூடப் பேசக் கூடாது, அது இன்னும் கெடுதல். குரல் எப்படி வருதுன்னு அப்புறம்தான் பார்க்கணும்" என்றார்.

"ஒரு மாசம் முழுசாவா டாக்டர்?" என்று கேட்டான் தம்பி. அவன் முகத்தில் கவலையோடு வேறு ஏதோ ஒன்றும் எட்டிப் பார்த்ததாக மைக் அக்காவுக்குத் தோன்றியது. கேட்கத்தான் வாய் இல்லை.

தம்பி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தனக்கென்று தனியாக ஒரு பிரேக்கை வைத்துக்கொண்டு, அடுத்தவர் ஓட்டுவதைப் பார்த்துப் பார்த்து, வீட்டில் பேசும்போதும் வலது காலைத் தரையில் அழுத்திக்கொண்டே பேசுவான். அவன் அக்காவைத் தன் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போனான். அவன் மனைவிக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. சொட்டுக் கூடாமல் குறையாமல் எதையும் செய்கிறவள். டாக்டர் சொன்னதை அவள் வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். மைக் அக்கா தூக்கத்தில் புரண்டால்கூட, "அண்ணி, உதடு அசையுது" என்று வந்து நின்றாள்.

மாற்று உடை எடுத்துவரத் தம்பி அக்காவின் வீட்டுக்குப் போனான். போனவன் உடையை எடுக்காமல் திரும்பி வந்தான். முகம் சுண்டியிருந்தது.

"பின்னாடி ரூமைப் பார்த்தேன்க்கா" என்றான்.

மைக் அக்கா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். அந்த அறைக்குள் இத்தனை காலமும் யாரையும் விட்டதில்லை. வந்தவர்களை முன் அறையிலேயே உட்காரவைத்து, டீ கொடுத்து, பேசிப் பேசியே வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிடுவாள்.

"கூரை ஒழுகுது. சுவரெல்லாம் பூஞ்சை. கட்டிலுக்கு மேல பிளாஸ்டிக் ஷீட்டைக் கூடாரம் மாதிரி கட்டி வச்சிருக்க. குடையை வேற விரிச்சுத் தலைகீழாத் தொங்கவிட்டிருக்க. எத்தனை வருஷமா அதுக்குள்ள படுத்துத் தூங்குற?" அவன் வலது கால் தரையை அழுத்து அழுத்தென்று அழுத்தியது. "நாள் பூரா ஊருக்கெல்லாம் எந்த வண்டி எங்க நிக்குதுன்னு சொல்ற. உன் கட்டில் மேல மழை பெய்யுதுன்னு எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

பேச்சுக்குப் பதில் எழுதிக் காட்டக் கொடுத்திருந்த சிலேட்டு அவள் கையில் இருந்தது. எழுத முடியாததல்ல. அவன் வேலை இல்லாமல் திண்டாடிய வருஷத்தில் கூரை ஒழுக ஆரம்பித்தது. அப்போது சொல்ல மனம் வரவில்லை. அவனுக்கு வேலை கிடைத்ததும் சின்னவளுக்குப் பிரச்சினை, அவள் வேலை பார்த்த பேக்கரியை மூடிவிட்டார்கள். ஆளுக்கு ஆயிரம் பாடு. பிறகு பழகிப்போய்விட்டது. பிளாஸ்டிக் ஷீட்டில் மழை விழுகிற சத்தம் கேட்டால்தான் தூக்கம் வரும் என்கிற நிலை. இதையெல்லாம் சிலேட்டில் எப்படி எழுதுவது? சாக்பீஸை உருட்டிக்கொண்டிருந்தாள். தம்பி தன்னைத் திட்டி அவள் கேட்டது அன்றைக்குத்தான். நன்றாகவே திட்டினான். எதிர்ப்பேச்சு இல்லை என்ற தைரியம் வேறு.

கொத்தனார் வந்தார், கூரையைப் பிரித்தார், பெருமூச்சு விட்டார், சரிசெய்தார். பூஞ்சையைச் சுரண்டி எடுத்துச் சுவரைப் பூசியும் கொடுத்தார். அத்தோடு நிறுத்தியிருந்தால் அது பழுதுபார்ப்பு. ஆனால் புதுச்சுவரைப் பார்த்ததும் சின்னவளுக்குக் கை அரிக்க ஆரம்பித்துவிட்டது.

சின்னவள் இப்போது வேறொரு பேக்கரியில் கேக்குக்கு அலங்காரம் செய்கிறாள். ரோஜா, மயில், காலணி, கால்பந்து மைதானம், எது கேட்டாலும் க்ரீமில் செய்து கேக்கின் தலையில் வைத்துவிடுவாள். "வீடும் கேக்கு மாதிரிதான். பூச்சு வேலைதானே" என்றாள். "அக்கா திரும்பி வரும்போது அது புது வீடு மாதிரி இருக்கணும். மனசு நல்லா இருந்தாத்தான் குரல் வரும்."

"சமையலறைக்கு மஞ்சள் அடிக்கலாம். எங்க டிரைவிங் ஸ்கூல் சுவருக்கு அடிச்சதுல மீதி இருக்கு" என்றான் தம்பி. கார் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் தூரத்திலிருந்தே கண்டு மிரண்டு பிரேக் போடவேண்டும் என்று தேர்ந்தெடுத்த மஞ்சள் அது.

மைக் அக்கா அவசரமாகச் சிலேட்டை எடுத்து 'வேண்டாம்' என்று எழுதிக் காட்டினாள்.

வாழ்நாள் முழுக்க வாயால் வேலை பார்த்தவள். கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். அவசரத்தில் துணைக்கால் 'ட'வோடு போய் ஒட்டிக்கொண்டது.

"வேண்டும்னு எழுதியிருக்கா பாரு" என்றான் தம்பி, பூரித்துப்போய்.

அவள் அழித்துவிட்டு மறுபடி எழுதினாள். கோபத்தில் எழுதியதால் இன்னும் மோசமாக வந்தது.

"கட்டாயம் வேண்டுமாம்" என்றாள் சின்னவள்.

மைக் அக்கா சிலேட்டைத் தூக்கிப் போட்டாள். தம்பி மனைவிதான் எடுத்து வைத்துவிட்டு ஒரு ஏற்பாடு சொன்னாள். "அண்ணி, எழுதி வாதம் பண்ணினாலும் தொண்டை இறுகும். ஸ்பூனால டம்ளரைத் தட்டுங்க. ஒரு தட்டுன்னா சரி. ரெண்டு தட்டுன்னா வேண்டாம்." நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதில் மூன்றாவது தட்டுக்கு அர்த்தம் சொல்லப்படவில்லை.

வேலை நடக்கிற இடத்தை நேரில் பார்த்தே தீருவேன் என்று மைக் அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றாள். வேறு வழியில்லாமல் கூட்டிப்போனார்கள். முன் அறையின் நடுவில் ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்து, தூசி படக்கூடாது என்று மூக்கு மறைய ஒரு துணி கட்டி, மேலே கழுத்துவரைக்கும் பிளாஸ்டிக் ஷீட் போர்த்தினாள் தம்பி மனைவி. முடி வெட்டிக்கொள்ள வந்தவள் மாதிரி இருந்தாள். கையில் ஸ்பூனும் டம்ளரும்.

சமையலறை மஞ்சளாகிவிட்டிருந்தது. அங்கேயிருந்து வருகிற வெளிச்சத்தில் கண் கூசியது.

முன் அறைச் சுவருக்குச் சின்னவள் வால்பேப்பர் வாங்கி வந்திருந்தாள். பச்சைக் கொடி, நடுநடுவே வெள்ளைப் பூ, அங்கங்கே ஒரு குருவி. தம்பி ஏணி மேல் ஏறி மேல்விளிம்பைப் பிடித்துக்கொள்ள, சின்னவள் கீழே துணியால் நீவி நீவி ஒட்டினாள். ஒட்ட ஒட்ட மைக் அக்காவுக்கு ஏதோ உறுத்தியது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். குருவிகள் எல்லாம் தலைகீழாக மல்லாந்து கிடந்தன. கால் இரண்டும் மேலே, கண் திறந்தபடி.

டம்ளரை இரண்டு தட்டு தட்டினாள்.

"இரு அக்கா, இந்தப் பக்கம் முடிச்சிட்டு வரேன்" என்றாள் சின்னவள், திரும்பிப் பார்க்காமல்.

இந்தத் தடவை ஏழெட்டு தட்டு விழுந்தது, படபடவென்று.

"அக்காவுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு" என்றான் தம்பி ஏணி மேலிருந்து.

ஷீட்டுக்குள்ளிருந்து கையை வெளியே இழுத்து, விரலை மேலே காட்டிக் கீழே காட்டி, மறுபடி மேலே காட்டினாள். காற்று வேண்டும் என்று சொல்கிறாள் போல என்று நினைத்து மின்விசிறியை வேகமாக வைத்தான் தம்பி. பசை நன்றாகக் காய்ந்து, குருவிகள் அந்த நிலையிலேயே நிலைத்துவிட்டன.

அதற்குமேல் தட்டிப் பயனில்லை. கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்தாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்து அவர்கள் குரலைத் தாழ்த்தினார்கள்.

"அண்ணே, அக்காவுக்குக் குரல் வரலேன்னா என்ன பண்றது?"

"வரும்."

"வரலேன்னா?"

"வரலேன்னா எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன். அந்தக் கூண்டுக்குள்ள உட்கார்ந்தது போதும்" என்றான் தம்பி.

"உங்க வீட்டுக்கு எதுக்கு? உன் பொண்டாட்டி அக்காவை மூச்சுக்கூட விடவிட மாட்டா. எங்க வீட்டுக்கு வரட்டும்."

"உன் வீட்டுல நீயே சாப்பிடறதில்ல, கேக்கைத் தின்னுட்டுப் படுத்துக்கற. அங்க எப்படி அக்காவை அனுப்புவேன்?"

"நீ யாரு அனுப்பறதுக்கு? எனக்கும் அக்காதானே?"

"மெதுவாப் பேசு. எழுந்துடப் போறா."

மைக் அக்கா கண்ணைத் திறக்கவில்லை. குரல் போய்விட்டால் தன்னை யாருக்கு என்ன தேவை இருக்கப்போகிறது என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்த நாளிலிருந்தே அவளுக்கு ஒரு பயம். அதை யாரிடமும் காட்டிக்கொண்டதில்லை. இங்கே என்னவென்றால் இரண்டு தடிமாடுகள், சின்னப் பிள்ளையில் பொம்மைக்கு அடித்துக்கொண்ட மாதிரியே, அவளுக்கு அடித்துக்கொண்டிருக்கிறார்கள். தான் பேசிக்கொண்டே இருந்த வீட்டில் இவர்கள் பேசி எங்கே கேட்டோம் என்று நினைத்தாள். துணிக்குள் மூக்கு ஈரமானது. அதைத் துடைத்தால் விழித்திருப்பது தெரிந்துவிடும் என்று அப்படியே விட்டாள்.

அந்த நேரம் பார்த்து டீயோடு உள்ளே வந்த தம்பி மனைவி, சுவரைப் பார்த்தபடி நின்றுவிட்டாள்.

"குருவி எல்லாம் ஏன் செத்துக் கிடக்குது?" என்றாள்.

மாதம் முடிந்தது. டாக்டர் கருவியை விட்டுத் தொண்டையைப் பார்த்துவிட்டு, "ஏதாவது சொல்லுங்க பார்க்கலாம்" என்றார். சுற்றி மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தம்பியின் கால் பிரேக்கைத் தேடியது. அவ்வளவு நாள் சேர்த்துவைத்த பேச்சில் எதை முதலில் எடுப்பது என்று மைக் அக்காவுக்குத் தெரியவில்லை.

"சமையலறைக்கு யாரும் மஞ்சள் கேக்கல" என்றாள்.

குரல் தாழ்ந்து, கரகரத்து, வேறு யாருடையதோ போல இருந்தது. ஆனால் குரல்தான். சின்னவள் அங்கேயே அழுதாள். தம்பி, "ரெண்டு தடவை வேணும்னு எழுதினியேக்கா" என்றான்.

சமையலறைக்கு வேறு வண்ணம் பூசித் தருகிறோம், வால்பேப்பரைக் கிழித்துவிட்டு வேறு ஒட்டுகிறோம் என்று இரண்டு பேரும் கெஞ்சினார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். காய்ந்த பின் அறையில், காய்ந்த கட்டிலில் படுத்தாள். முதல் சில நாள் தலைக்கு மேல் ஒன்றும் இல்லாமல் என்னவோ போல இருந்தது. அப்புறம் சரியாகிவிட்டது.

பேருந்து நிலையத்தில் அரை நாள் மைக்கும் அரை நாள் விசாரணை ஜன்னலுமாக வேலையை மாற்றிக் கொடுத்தார்கள். புதுக்குரலைக் கேட்ட பயணிகள் யாரோ அதிகாரி வந்திருக்கிறார் என்று நினைத்து இன்னும் வேகமாக ஓடினார்கள். ஜன்னலில் உட்கார்ந்திருக்கும்போதோ அவள் முகத்தை முதன்முதலாகப் பார்த்தவர்கள், "நீங்கதானா அது" என்று நின்று பேசிவிட்டுப் போனார்கள். சிலர் பேசிக்கொண்டிருந்ததில் வண்டியைத் தவறவிட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் தம்பிக்குப் போன் செய்தாள். ரொம்ப நேரம் சுற்றி வளைத்தாள். வெயிலைப் பற்றிப் பேசினாள். அவன் மனைவியின் உடம்பைப் பற்றி விசாரித்தாள். கடைசியில், "சமையலறைக் குழாய் சொட்டிட்டே இருக்குடா. வந்து பார்க்கறியா?" என்றாள்.

அந்தப் பக்கம் சாவிக்கொத்து குலுங்குகிற சத்தம் கேட்டது.

"முடியலேன்னா விடு" என்றாள்.

"இதோ கிளம்பிட்டேன்" என்றான்.

அவன் மட்டும் வரவில்லை. மனைவி வந்தாள். வழியில் ஏற்றிக்கொண்டதில் சின்னவளும் வந்தாள், கையில் ஒரு கேக்கோடு. சொட்டுகிற ஒரு குழாய்க்கு நான்கு பேரும் சமையலறையில் வரிசையாக நின்றார்கள். தம்பி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, "வாஷர்தான் போயிருக்கும், ஒரு நிமிஷ வேலை" என்று சொல்லிக் குழாயைத் திருகினான். குழாய் கையோடு வந்துவிட்டது.

தண்ணீர் அவன் நெஞ்சில் அடித்து, சுவரில் அடித்து, கேக்கில் அடித்தது. உள்ளங்கை இரண்டையும் வைத்து ஓட்டையைப் பொத்திக்கொண்டு நின்றான். வலது கால் தரையை அழுத்தியது.

"வால்வு எங்கக்கா இருக்கு?"

"எனக்கென்ன தெரியும்? இது வரைக்கும் மூடினதே இல்லையே."

சின்னவள் கொல்லைப்புறம் தேடப் போனாள். தம்பி மனைவி குழாய்க்காரருக்குப் போன் போட்டாள். மைக் அக்கா ஒரு துண்டை எடுத்துவந்து, கையை எடுக்க முடியாமல் நின்றவனின் தலையைத் துவட்டிவிட்டாள். துவட்டத் துவட்ட நனைந்துகொண்டே இருந்தான்.

"கைய விட்டுடாத" என்றாள்.

"விடல" என்றான் தம்பி. முகத்தில் தண்ணீர் வழிய வழிய, பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான்.