நிமிர்த்திப் பிடித்த பொட்டலம்

காரைக்காலில் ஒருவர் துணியில் சுற்றிய நீளமான ஒன்றை நெஞ்சோடு நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நாகப்பட்டினம் பஸ்ஸில் ஏறினால், அது என்னவென்று யாரும் கேட்பதில்லை. எங்கள் ஊரில் சரக்கு விலை குறைவு. எல்லை தாண்டினால் தமிழ்நாடு, அங்கே விலை கூடுதல், நடுவில் சோதனைச்சாவடி. இதெல்லாம் நன்றாகத் தெரிந்த என் மாமா, அம்மாவின் தம்பி, அப்படி ஒரு பொட்டலத்தோடுதான் ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏற ஆரம்பித்தார்.

தருமபுரத்தில் ஒரு தகரக் கொட்டகையில் மாமா கார்களைப் பழுது பார்த்துவந்தார். கொட்டகை, துபாயில் வேலை பார்க்கும் ஒரு பாய்க்குச் சொந்தம். அவரிடம் வேகத்துக்கென்றே செய்த எஞ்சினோடு ஒரு பழைய ஜப்பான் கார் இருந்தது. விடுமுறைக்கு வந்தவர், பெட்டியில் துணிமணிகளுக்கு நடுவே பெரிய ஏர் ஃபில்டரும் அகலமான அலுமினியக் குழாயும் கொண்டுவந்தார். காற்று தாராளமாகப் போனால் எஞ்சின் இன்னும் இழுக்கும் என்பது கணக்கு. மாமா மாட்டினார். கார் முன்னைவிட மோசமாகிவிட்டது. மிதித்தால் திணறியது, குலுங்கியது.

பாலிடெக்னிக் படித்துவிட்டு வந்த இன்று காரணத்தைச் சுலபமாகச் சொல்லிவிடுவேன். எஞ்சினுக்குள் எவ்வளவு காற்று போகிறது என்று பார்த்துச் சொல்வது குழாயில் இருக்கும் ஒரு சென்சார். அதற்குள் முடிபோல ஒரு கம்பி சூடாக இருக்கும். காற்று பட்டுக் கம்பி எவ்வளவு ஆறுகிறதோ அதுதான் கணக்கு. குறுகலான குழாய்க்குப் பழகிய சென்சாரை அகலக் குழாயில் வைத்தால், அதே காற்று மெதுவாகக் கடந்து போகும். சென்சார் குறைத்துச் சொல்லும். எஞ்சினின் கம்ப்யூட்டர் அதை நம்பி பெட்ரோலைக் குறைக்கும்.

பாய்க்கு இது தெரியாது; மாமா சாமானை மாற்றிவிட்டாரோ என்று சந்தேகம். அவர் குரலை உயர்த்தாமல் ஒன்று கேட்டார்: “தம்பி, உள்ள இருக்கிறது என்னோட சென்சார்தானே?”

“உங்களோடதுதான் பாய்.”

அதற்குப் பிறகு தினமும் மாலையில் வந்து, நாற்காலி போட்டு உட்கார்ந்து, மாமாவின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். துபாய் திரும்புவதற்குள் கார் சரியாகாவிட்டால் கொட்டகை வேறு ஆளுக்குப் போய்விடும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

பாய் பரவாயில்லை என்னும்படி இருந்தார் என் அப்பா. எல்லைச் சோதனைச்சாவடிக்குப் பக்கத்தில், கீழவாஞ்சூர் துறைமுகத்தில் நிலக்கரி இறக்கும் வேலை. மீன்காரம்மா செவுளைத் தூக்கிக் காட்டினால், கேட்காமலே ஏன் காட்டுகிறாள் என்று யோசிப்பவர். குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான் என்பதால் என் கண் மீது மட்டும் அவருக்கு நம்பிக்கை. “உன் மாமன்கூட நீயும் போடா. எங்க இறங்குறான், யாருகிட்ட குடுக்குறான்னு பாத்துட்டு வா” என்றார்.

முதல் ஞாயிறு போனேன். நாகப்பட்டினத்தில் ஒரு வீட்டு வாசலில் என்னிடம் ஒரு பன்னைக் கொடுத்து உட்காரவைத்துவிட்டு மாமா உள்ளே போனார். கதவு பாதி சாத்தியிருந்தது. உள்ளே ஏதோ ஊதுகிற சத்தம், யாரோ எண்கள் சொல்லும் குரல். அதே பொட்டலத்தோடு வெளியே வந்த மாமா, இதைப் பாயிடம் சொல்லாதே என்றார். தனக்குத் தெரியாததை இன்னொருவரிடம் கேட்கப் போனது வெளியே தெரியக்கூடாது என்று நினைத்திருக்கிறார். எனக்கு அது வேறு மாதிரி பட்டது. பொட்டலம் அப்படியே திரும்பிவிட்டது என்று அப்பாவிடம் சொன்னேன்.

“காலியாத்தான் திரும்பும்” என்றார் அப்பா.

அடுத்த ஞாயிறு சோதனைச்சாவடியில் பஸ் நின்றது. ஒரு போலீஸ்காரர் ஏறினார். கூடைகளையும் சாக்கு மூட்டைகளையும் தாண்டி நேராக எங்கள் இருக்கைக்கு வந்தார். என்னைப் பார்த்து, “அப்பா வேலைக்குப் போயிட்டாரா?” என்று கேட்டார். போயிட்டாரு சார் என்றேன். ஒரு போலீஸ்காரருக்கு என்னைத் தெரிந்திருந்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமை.

மாமா என்னை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். பிறகு அவரே முடிச்சை அவிழ்த்தார். உள்ளே அகலக் குழாய், அதன் முதுகில் சென்சார்.

“சார், உள்ள முடி மாதிரி ஒரு கம்பி இருக்கு. நான் காட்டுறேன், நீங்க தொட்டுடாதீங்க.”

சந்தேகத்தோடு வந்தவரிடம் சொல்லக்கூடாத வார்த்தை அது. போலீஸ்காரர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, சென்சாரின் வாய்க்குள் விட்டுக் குடைந்தார். ஒன்றும் அகப்படவில்லை. சரி போங்க என்று இறங்கிவிட்டார்.

நாகூர் வரும்வரை மாமா குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து உள்ளேயே பார்த்துக்கொண்டு வந்தார். நாகூரிலேயே இறங்கி, எதிர்ப்பக்கம் நின்ற காரைக்கால் பஸ்ஸில் ஏறினோம்.

நடந்ததைச் சொல்ல வீடுவரை என்னால் பொறுக்க முடியவில்லை. ஆனால் வாசலிலேயே மாமா அம்மாவிடம் சொல்லிவிட்டார்: “கை தவறிக் கீழ போட்டுட்டேன்க்கா. பாயோட சென்சார் போச்சு.”

திகைத்துப் போனேன். உண்மையைச் சொன்னால் பழி இவர் மேல் இல்லையே. “இல்லம்மா, பஸ்ஸுல ஒரு போலீஸ்...” என்று ஆரம்பித்தேன்.

“நீ தூங்கிட்டு வந்தே. உனக்கு என்னடா தெரியும்” என்றார் மாமா.

நான் தூங்கவே இல்லை. ஆக, இரண்டாவது பொய். அம்மா கொட்டகை போய்விடுமே என்று தம்பியைத் திட்டித் தீர்த்தாள். கொல்லையில் கரிக் கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்த அப்பா, எதற்கும் பத்துக் கேள்வி கேட்பவர், அன்று ஒன்றுகூடக் கேட்கவில்லை. கை வெளுத்த பிறகும் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் காலை பாயிடம் சொல்ல மாமா கிளம்பினார். அப்பா வேலைக்குப் போகாமல் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார்.

“நானும் வர்றேன் மாப்ளே.”

“வேணாம் அத்தான். நான் பாத்துக்கிறேன்.”

“வர்றேன்னேன்ல.”

பாய் வீட்டில் அப்பா என்ன சொன்னார் என்று இருவரும் இன்றுவரை வாய் திறந்ததில்லை. கொட்டகை மாமாவிடமே இருந்தது. அடுத்த விடுமுறையில் பாய் அந்த அகலக் குழாய்க்கே பொருந்துகிற சென்சாரைக் கொண்டுவந்து மாமா கையில் கொடுத்தார்.

அன்று காலை நான் வாசலில் நின்று பார்த்தேன். மாமா முன்னால் போனார். அப்பா தலையைக் குனிந்தபடி பின்னாலேயே போனார். கடைசியில் பொய்யனைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார், ஓடிவிடக்கூடாதே என்றுதான் பின்னால் நடக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, நிம்மதியாக உள்ளே போய் இட்லி சாப்பிட்டேன்.